துடக்கு வீட்டில் ஒரு பிறந்தநாள்

மழைக் காற்சட்டையின் காலை மகள் ஓவியாவின் பூட்சுக்கு மேலாக இழுத்துவிட்டு, அடியில் தொங்கும் இறப்பர்ப் பட்டியை மாட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வேலைதான். ஆனால் பிள்ளை ஒற்றைக் காலில் நின்றபடி என் தலைமயிரைப் பிடித்துக்கொள்ள, முதுகுப் பையில் இருக்கும் தம்பி கவின் என் காதைச் சப்பிக்கொண்டிருந்தால் அது சின்ன வேலையில்லை.

ஐப்பசி மாதத்தில் பாலர்பள்ளியின் உடுப்பு மாற்றும் அறைக்கென்று ஒரு மணம் உண்டு. ஈரக் கம்பளி, சேறு, யாரோ பையில் மறந்துவிட்ட வாழைப்பழம். உடுப்பு மாட்டும் ஒவ்வொரு கொளுவிக்குக் கீழேயும் ஒரு சிறு குளம் கட்டி நிற்கும்.

அப்போதுதான் ஹன்னா வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார். ஓவியாவின் குழுவுக்குப் பொறுப்பானவர். தலை நன்றாக நரைத்தவர். பிள்ளைகள் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் இன்றுவரை அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு கணம் தயங்குவேன்.

"இன்றைக்கு ஓவியா என்னோடு கதைத்தாள்" என்றார் டேனிஷில், ஒரு பரிசைக் கொடுப்பதுபோல.

என் கை பட்டியிலேயே நின்றுவிட்டது. ஓவியா அங்கே கதைப்பதில்லை. வீட்டில் வாய் ஓயாது. பாலர்பள்ளி வாசலைத் தாண்டினால் தலையாட்டுவாள், விரலால் காட்டுவாள், அவ்வளவுதான். சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அதற்காக நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், எத்தனை இரவுகள் இணையத்தில் தேடியிருப்பேன் என்பதை இந்தப் பத்தியில் முன்னைய வாரங்களில் எழுதிக் களைத்துவிட்டேன்.

"என்ன சொன்னாள்?"

"வியாழக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றாள். என் கட்டிலுக்கு ஏணி இருக்கிறது என்றாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்."

நான் ஓவியாவைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த காகித ஆந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னைப் பற்றிய கதையே இல்லை என்பதுபோல.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. குகன், என் கணவர். வேலை நேரத்தில் அழைக்கமாட்டார்.

"சித்தப்பா மோசம் போயிட்டார்" என்றார். ஊரில் சாவு. பின்னால் தொழிற்சாலை இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏணி வைத்த கட்டில்

இங்கே பாலர்பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிறந்தநாள் வந்தால் பிறந்தநாள்காரரின் வீட்டுக்கு முழுக் குழுவும் வரும். பின்னேர விருந்தாக இல்லை; காலையில், பள்ளி நேரத்தில். மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று பெரியவர்களோடு நடந்தோ பேருந்திலோ வருவார்கள். சூடான பன், கொஞ்சம் கேக், பழச்சாறு. ஒரு பாட்டு. பிறகு பிறந்தநாள்காரரின் அறையைச் சூறையாடிவிட்டு மதியத்துக்கு முன் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஓவியா மற்ற எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்விட்டாள். ஆல்மா வீட்டில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு குட்டி வீடு. ஓஸ்கார் வீட்டில் கூண்டுக்குள் இரண்டு சீமைப்பெருச்சாளிகள். ஒவ்வொரு முறையும் வந்து எனக்கு ஒப்புவிப்பாள், கடைசியில் "எங்கள் வீட்டுக்கு எப்போது?" என்று கேட்பாள். அவள் பிறந்தது இலையுதிர் காலத்தின் நடுவில். போன வருடம் அந்த நேரத்தில் கவின் கைக்குழந்தை. எனக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அடுத்த வருடம் என்று சொல்லிவிட்டோம். வருகிற ஆவணியில் அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஆகவே இதுதான் முதலும் கடைசியும்.

நான் ஒரு மாதமாகப் பன் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு முடித்தவள், இங்கே வந்து பல்வைத்தியரின் உதவியாளராகப் பரீட்சை எழுதித் தேறியவள், மாவைப் பொங்க வைக்க முடியாமல் திணறினேன். முதல் தடவை சுட்டதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை எறிஞ்சா யன்னல் உடையும்" என்றார் குகன். மூன்றாவது தடவை சுட்டதைக் கவின் தின்றான். கவின் கடதாசியும் தின்பான் என்பதால் அதை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொடியும் வாங்கி வைத்திருந்தேன். பிறந்தநாள் என்றால் இந்த நாட்டில் தேசியக் கொடி வேண்டும். கேக்கில், மேசையில், தோட்டத்தில், அஞ்சல் பெட்டியில்கூட. வந்த புதிதில் யாரோ அரசாங்க ஆள் குடியிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு ஒரு வீட்டைச் சுற்றி வேறு தெருவால் போயிருக்கிறேன். கொடி என்றால் ஒதுங்கிப் போய்ப் பழகிய கால்கள். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்று வயது ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

காதுப்பப்பா

குகனின் சித்தப்பா யாழ்ப்பாணப் பக்கம் கொடிகாமத்தில் இருந்தார். குகனுடைய அப்பா டென்மார்க்குக்கு முன்னதாக வந்துவிட, மற்றவர்கள் வந்து சேரும்வரை சித்தப்பாதான் இவர்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர். குகன் சைக்கிள் பாரில் இருந்து பார்த்த உலகம் முழுவதும் அவரோடு பார்த்ததுதான். ஐந்தாறு வயதுவரை தன் தகப்பன் யார் என்பதில் தனக்கு ஒரு குழப்பம் இருந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஓவியாவுக்கு அவர் காதுப்பப்பா. அந்தப் பெயரை அவளே வைத்தாள்.

காணொளி அழைப்பு என்பது சித்தப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அழைப்பு வந்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். நாங்கள் எவ்வளவு கத்தினாலும், "முகத்துக்கு முன்னால பிடியுங்கோ சித்தப்பா" என்றாலும், "ஓம் ஓம்" என்றுவிட்டுப் பழையபடி காதுக்கே கொண்டுபோவார். திரை முழுக்க ஒரு பெரிய காது. அதிலே நரைமயிர். எங்களுக்கு எரிச்சல். ஓவியாவுக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

எங்களுக்கு டேனிஷில் பதில் சொல்கிறவள், அந்தக் காதுக்குத் தமிழில் கதை சொன்னாள். யார் யாரைத் தள்ளினார்கள், யாருடைய தொப்பி காணாமல் போனது, சாப்பாட்டு நேரத்தில் யார் மேசைக்குக் கீழே போனார்கள். பாலர்பள்ளியில் அவள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அங்கே போய்க் கொட்டும். மறுபக்கத்திலிருந்து "ம்… பிறகு?" என்று மட்டும் வரும். அவர் எவ்வளவை விளங்கிக்கொண்டாரோ தெரியாது. அவசரப்படுத்தமாட்டார். நான் அவசரப்படுத்துவேன். அது எனக்கும் தெரியும்.

மச்சாளின் சட்டம்

அன்று இரவே சாந்தி மச்சாள் வந்துவிட்டார். குகனின் அக்கா. எங்கள் நகரமான இக்காஸ்டிலேயே, நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் வீடு. முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் எது கூடும் எது கூடாது என்பதற்கு அவரே கடைசி நீதிமன்றம்.

வந்தவர் சாமித்தட்டுக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டார். சித்தப்பாவின் படத்தைக் கேட்டு வாங்கி வரவேற்பறை மூலையில் ஒரு சிறு மேசையில் வைத்தார். கடையில் வாங்கிவந்த வெள்ளைச் செவ்வந்திச் சாடியைப் பக்கத்தில் வைத்தார். ஒரு விளக்கு ஏற்றினார். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார்: தகப்பன் வழிச் சாவு. உங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, வீட்டில் பலகாரம் சுடக்கூடாது, வேற்றாட்கள் இந்த வீட்டில் சாப்பிடக்கூடாது.

"மச்சாள், உங்களுக்கு?"

"எனக்கென்ன துடக்கு? நான் கலியாணம் கட்டிப் போனவள்." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பாவின் சைக்கிளில் பின்னுக்கு இருந்தது அவர்தான். அழுதழுது கண் வீங்கியிருந்தவருக்குத் துடக்கில்லை. சித்தப்பாவை நேரில் ஒரே ஒருமுறை பார்த்த எனக்கு முப்பத்தொரு நாள்.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலையிடத்தில் யாராவது இறந்துபோனால் அவர்தான் கழுவித் துடைத்து, நல்ல உடுப்புப் போட்டு, யன்னலைத் திறந்துவிடுகிறவர். உயிர் வெளியே போவதற்காக யன்னலைத் திறப்பது இங்கத்தைய பழக்கம். குளிர்காலத்திலும் திறப்பாராம். அது எப்படி, அங்கே துடக்கில்லையா என்று நான் முன்பு கேட்டதற்கு, "வேலை வேறை, வீடு வேறை" என்றார். அதற்கு மேல் மேன்முறையீடு கிடையாது.

வியாழக்கிழமையைப் பற்றி நான் மெல்லச் சொன்னேன்.

"அதுக்கென்ன, பிறந்தநாளை வாற மாதம் வைச்சா வயது ஓடியே போகப்போகுது? சின்னப்பிள்ளை. மறந்துபோடும்."

குகனைப் பார்த்தேன். படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"என்னப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நீர் நினைச்சமாதிரிச் செய்யும்."

இந்த ஒரு வசனத்தை உலகத்துக் கணவர்கள் எல்லாருக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவரை மேலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மகன் மாதிரி வளர்ந்தவர். போய்க் கொள்ளிச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூட வழியில்லை. அந்த வீட்டில் பலூன் கட்டலாமா என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டால், அந்தப் பிள்ளை தன் வாயால் முதன்முதலாக ஊருக்குச் சொன்ன வார்த்தையை நான் பொய்யாக்கிவிடுவேன். 'கதைத்தால் இப்படித்தான் ஆகும்' என்று அவள் படித்துக்கொண்டால்?

இரண்டு பக்கமும் கடமைதான். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி: எந்தப் பக்கம் போனாலும் பிழையென்று நிறுவ ஆதாரம் கைவசம் இருக்கும்.

வரலாமா என்றால் வரலாம்

மறுநாள் காலையில் ஹன்னாவிடம் போனேன். பிறந்தநாளைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். வழியில் வசனங்களைக் கட்டி வைத்திருந்தேன். வாசலில் நின்றதும் எல்லாம் குழம்பிவிட்டன.

துடக்கை டேனிஷில் எப்படிச் சொல்வது? அழுக்கு என்று சொன்னால் தப்பு. விரதம் என்றாலும் தப்பு. நாங்கள் இப்போது கொஞ்சம் உலகத்துக்கு வெளியே நிற்கிறோம், ஒரு மாதத்துக்கு, என்று சொன்னேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார், சமையல் குறிப்பு எடுப்பவர்போல.

"பாட்டுப் பாடலாமா?"

"கூடாது."

"கேக்?"

"எங்கள் வீட்டில் வெளியாட்கள் ஒருவரும் சாப்பிடக்கூடாது."

"அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது?"

"இல்லை, வரலாம்" என்றேன். "வருவார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களை யாரும் அழைக்கிறதில்லை. நேரம் சொல்லி வருவதுமில்லை. கதவு திறந்துதான் இருக்கும். வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள்."

சொல்லும்போதே எனக்குப் புதிதாக இருந்தது. சொந்தத் தங்கையின் வீட்டுக்குப் போவதற்கும் இரண்டு கிழமைக்கு முன் திகதி குறிக்கும் நாட்டில், யாரும் எப்போதும் வரலாம் என்ற ஒரு வீடு.

ஹன்னா கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியென்றால் நாங்கள் வருகிறோம். சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துப் போய், வழியில் பூங்காவில் சாப்பிட்டுக்கொள்வோம். கேக்கும் பாட்டும் காலையில் இங்கேயே. வீட்டுக்குத் துக்கம் கேட்க மட்டும் வருவோம். இங்கே அரைவாசிப் பிள்ளைகள் அதைப்போல ஒரு வீட்டுக்குப் போனதே இல்லை." பிறகு சாதாரணமாகக் கேட்டார், "ஓவியா என்ன சொல்கிறாள்?"

ஓவியாவுக்கு நான் இன்னும் சொல்லவே இல்லை.

நாங்கள் பிள்ளைகளுக்குச் சாவைச் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்துவோம், அடுத்த அறைக்கு அனுப்புவோம். அவள் விளக்கைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், சாந்தி மாமி அழுவதைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்குத் தெரியாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன். மழை விட்டிருந்தது. நடைபாதை முழுக்க மஞ்சள் இலை ஒட்டிக்கிடந்தது. அவள் ஒவ்வொரு குட்டையிலும் இரண்டு காலாலும் குதித்துக்கொண்டு வந்தாள்.

"ஓவியா, காதுப்பப்பா செத்துப்போனார்."

குதிப்பது நின்றது. குட்டைக்குள் நின்றபடியே யோசித்தாள்.

"காதுமா?" என்றாள் தமிழில்.

"ஓமம்மா. காதும்தான்."

கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு அடுத்த குட்டையில் குதித்தாள். எனக்கு அந்தக் குதிப்பைப் பார்க்க ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டு வாசலில், பிள்ளைகள் வருவார்கள், ஆனால் கேக் இல்லை, கொடி இல்லை என்றேன். "ஏணி?" என்று கேட்டாள். ஏணி இருக்கும் என்றேன். "சரி" என்றாள்.

அந்தச் 'சரி' உண்மையிலேயே சரிதானா என்று நான் மூன்று நாள் ஆராய்ந்தேன்.

குகனிடம் சொன்னபோது, "என்ன, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில துக்கம் விசாரிக்க வருகினமோ?" என்றார். சாவு வந்த நாளுக்குப் பிறகு அவர் வாய்க்கோணம் அசைந்தது அப்போதுதான்.

மச்சாளிடம் சொல்ல எனக்குத் துணிவு வர ஒருநாள் எடுத்தது. தொலைபேசியில்தான் சொன்னேன்.

"துக்கம் கேக்க வாறவையை வராதையுங்கோ எண்டு சொல்லேலாது" என்றார். தன்னுடைய சட்டமே தன்னைக் கட்டிப்போட்டதில் குரலில் ஒரு கடுப்பு. "ஆனா நானும் வருவன். ஒரு பலூனைக் கண்டாலும் திரும்பிப் போயிடுவன்."

மஞ்சள் வரிசை

வியாழக்கிழமை மெல்லிய தூறல். எனக்கு வேலை இல்லாத நாள். குகன் பின்னேர வேலைக்கு மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றார். கதிரைகளைச் சுவரோரம் தள்ளினேன். திரும்பவும் இழுத்தேன். சின்னப்பிள்ளைகளுக்கு எதற்குக் கதிரை? பாயை விரித்தேன். மச்சாள் வெள்ளைச் சேலையில் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கிடமான பொருள் எதுவும் இல்லை என்று கண்டு உட்கார்ந்தார்.

வரிசை மூலையால் திரும்பியபோது யன்னலில் நின்று பார்த்தேன். நடுவில் ஓவியா. அவளும் மஞ்சள் மேற்சட்டையோடு, அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தாள். காலையில் பாலர்பள்ளியில் வைத்த காகிதக் கிரீடத்தைக் கழற்ற மறுத்திருக்கிறாள். மழைத்தொப்பிக்குக் கீழே அது நனைந்து நசிந்து ஒரு காதில் தொங்கியது.

மச்சாள் கிரீடத்தைப் பார்த்தார். அது பலூன் இல்லை.

பூட்சுகளைக் கழற்றவே பெரும் நேரம் போயிற்று. பிறகு எல்லாரும் பாயில் வந்து அமர்ந்தார்கள். நான் எதிர்பார்த்த சத்தம் இல்லை. விளக்கைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். ஓஸ்கார் தன் சீமைப்பெருச்சாளிகளில் ஒன்றும் செத்துவிட்டதாகவும், அதைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துப் புதைத்ததாகவும், மற்றது நலமாக இருப்பதாகவும் தெரிவித்தான். ஆல்மா வழியில் பொறுக்கிய கஸ்தானிய மரத்துக் கொட்டைகளை, பளபளவென்று பழுப்பாக இருப்பவற்றை, படத்துக்கு முன்னால் வைத்தாள். அதைக் கண்டு மற்றவர்களும் தங்கள் பைகளைக் கொட்டினார்கள். கொட்டை, ஓக் விதை, ஈர இலை, ஒரு நத்தை ஓடு. மச்சாள் எழுந்து, விளக்கில் முட்டாமல் அவற்றை ஒதுக்கி அடுக்கினார். தொழில் பழக்கம்.

"இவர் யார் என்று எங்களுக்குச் சொல்ல விருப்பமா, ஓவியா?" என்று ஹன்னா கேட்டார். "விருப்பமில்லாவிட்டால் பரவாயில்லை."

நானே சொல்லிவிடலாம் என்று வாய் எடுத்தேன். ஹன்னா என்னைப் பார்க்காமலே என் கையில் தன் கையை வைத்தார்.

ஓவியா படத்துக்குக் கிட்டப் போனாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது அவர் இல்லை" என்றாள், டேனிஷில், அறை முழுக்கக் கேட்க.

அது யாருடைய கலியாணத்துக்கோ எடுத்த படம். தலை வாரி, சட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, நேராகப் பார்க்கிறார். அந்த முகத்தை அவள் எங்கே கண்டாள்?

நான் விளக்கப் போகுமுன் குகன் வந்தார். சமையலறை வாசலில் அதுவரை நின்றவர், கைபேசியில் எதையோ தேடிக்கொண்டே வந்து, பாயில் பிள்ளைகளோடு சப்பணமிட்டு உட்கார்ந்தார். எப்போதோ அழைப்பின் நடுவில் திரையைப் பிடித்து வைத்த ஒரு படம். திரை முழுக்கக் காது. நரைமயிரோடு.

"இதுதான்" என்றாள் ஓவியா.

பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பிறகு எல்லாரும். நான் பயந்துபோய் மச்சாளைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. "கடைசிவரைக்கும் பழகேல்லை மனுசன்" என்றார்.

ஓவியா சொல்லத் தொடங்கினாள். இவர் காதுப்பப்பா. போனுக்குள் வருவார். நான் சொல்வதை இவர் கேட்பார். இவருக்கு டேனிஷ் தெரியாது, அதனால் நான் தமிழில் சொல்வேன். உங்களை எல்லாம் இவருக்குத் தெரியும். ஆல்மா, நீ என்னைத் தள்ளியது தெரியும். ஓஸ்கார், உன் தொப்பி காணாமல் போனது தெரியும். இப்போது செத்துவிட்டார். காதும் செத்துவிட்டது.

"நான் தெரியாமல்தான் தள்ளினேன்" என்றாள் ஆல்மா.

"அதையும் சொன்னேன்" என்றாள் ஓவியா.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓஸ்கார் குனிந்து கைபேசிக்குக் கிட்ட வாயை வைத்து "ஹை" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

ஆல்மா குகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், நேரம் என்னவென்று கேட்பதுபோல: "உனக்குக் கவலையா?"

அந்த வீட்டுக்கு அந்தக் கிழமை எத்தனை பேர் வந்தார்கள். எப்ப நடந்தது, என்ன வருத்தம், ஆர் கொள்ளி வைச்சது, நீர் ஏன் போகேல்லை. எல்லாம் கேட்டார்கள். நானும் என்னென்னவோ கேட்டேன். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"யா" என்றார் குகன், டேனிஷில். கைபேசியைப் பாயில் வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

பிள்ளைகள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருந்தார்கள். நானும்தான். ஓவியா தகப்பனுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள், தொங்கும் கிரீடத்தோடு.

"அவர் அழலாம்" என்றாள் டேனிஷில். விளையாட்டு விதியைச் சொல்வதுபோல உறுதியாக. "அதற்கு அனுமதி உண்டு."

பிறகு, "என் கட்டிலுக்கு ஏணி இருக்கிறது" என்றாள்.

எல்லாரும் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள். உள்ளறையிலிருந்து மரப்படியில் காலுறைகள் ஏறும் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஏணியில ஏறுறது கொண்டாட்டத்தில சேருமோ துக்கத்தில சேருமோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார் மச்சாள், யாரிடமும் இல்லாமல். போய்த் தன் தம்பி குகனின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

நான் சரியானதைத்தான் செய்தேனா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்தாவது பிறந்தநாள் ஒருமுறைதான் வரும். அதை நான் ஒரு சாவுப் படத்துக்கு முன்னால் கழிக்க வைத்தேன். மறுநாள் பாலர்பள்ளி வாசலில் அவள் பழையபடி விரலால்தான் காட்டினாள். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. இதை எழுதாமல் விட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் இது நடந்தது.

அந்த வியாழக்கிழமை, பிள்ளைகள் போகும் நேரம் தூறல் வலுத்திருந்தது. எல்லாருக்கும் மழைத்தொப்பி போட்டு, கயிற்றை நீட்டி, தலை எண்ணினார் ஹன்னா. ஓவியாவும் அவர்களோடுதான் திரும்பிப் போக வேண்டும். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று கவினைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். பார்க்கவில்லை.

வரிசை தெருவில் இறங்கி நடந்தது. அவள் ஆல்மாவின் பக்கம் தலையைச் சாய்த்து, கயிற்றைப் பிடிக்காத கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டு போனாள். மூலையால் திரும்பும்வரைக்கும் சொன்னாள். மழைச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.